வீட்டாருக்குச் செய்யும் சின்ன உதவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். சீட்டை நீட்டுபவர்களில் பலர் தங்களுக்காக வருவதில்லை. அம்மாவுக்கு, மாமனாருக்கு, மனைவிக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் சித்திக்கு என்றுதான் வருகிறார்கள். மாத்திரைகளை எடுத்து வைப்பதற்குள் பேச்சு மருந்தை விட்டு வீட்டுக்குள் போய்விடும். ‘நான் வேறென்ன செய்யலாம்?’ என்பதில் தொடங்கி ‘என்ன செய்தும் பயனில்லையே’ என்பது வரை கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்து பற்றி வரும் இடங்களில் பொதுவானதைத்தான் சொல்லியிருக்கிறேன்; உங்கள் வீட்டு மருந்துக்கு உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு.

சின்ன உதவி என்று எதைச் சொல்கிறீர்கள்? பிறந்தநாளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பது அதில் சேருமா?

புடவை பரிசுக் கணக்கில் சேரும். தாராளமாக எடுத்துக் கொடுங்கள், ஆனால் நான் சொல்வது வேறு. வீட்டில் ஒருவர் வாரா வாரம் சுமக்கும் வேலை ஒன்றை, அவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே நாம் எடுத்துக்கொள்வது. காஸ் தீரும் முன் பதிவு செய்வது, கொடியில் காய்ந்த துணியை மடித்து அவரவர் அலமாரியில் வைப்பது, அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் தளர்ந்துபோன திருகைக் கடையில் கொடுத்து இறுக்கிக்கொண்டு வருவது.

நான் எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல் ஒன்று உண்டு. நீங்கள் செய்து முடித்த பிறகு அந்த வேலையை அவர் அடியோடு மறந்துவிட முடிகிறதா? முடிந்தால் அது உதவி. ‘காஸ் பதிவு செய்யட்டுமா? எந்த எண்ணில் இருக்கிறது? சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பீர்களா?’ என்று அவரையே மூன்று தரம் கேட்டுச் செய்தால், விரல்தான் உங்களுடையது. கவலை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? அம்மாவிடம் கேட்டால் ‘எனக்கென்ன குறைச்சல், ஒன்றும் வேண்டாம்’ என்கிறார்.

கேட்டால் அப்படித்தான் சொல்வார். எந்த அம்மா பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்? கேட்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் கவனியுங்கள். எதற்கெல்லாம் குனிகிறார், எதற்கெல்லாம் எக்குகிறார், எந்த இடத்தில் சலித்துக்கொள்கிறார் என்று பார்த்தால் போதும். அடித்தட்டில் இருக்கும் அரிசி டப்பாவை இடுப்பு உயரத்துக்கு மாற்றுவதும், திறக்க வராத ஊறுகாய் ஜாடியின் மூடியைக் காலையிலேயே தளர்த்தி வைப்பதும் இப்படிக் கவனித்தால்தான் தோன்றும்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். மாத்திரை அட்டையின் ஒரு முனையில்தான் பெரும்பாலும் காலாவதி தேதி அச்சாகியிருக்கும். வீட்டில் எல்லோரும் கைக்கு வந்த பக்கத்திலிருந்து வெட்டி எடுப்பார்கள். முதல் வெட்டிலேயே தேதி போய்விடும், மீதி அட்டை ஒரு வருடம் டப்பாவில் கிடக்கும். தேதி இல்லாத முனையிலிருந்து வெட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனி உறையில் போட்டு, ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’, ‘இரவு, சாப்பாட்டுக்குப் பின்’ என்று தடித்த பேனாவால் பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள். கடையில் நாங்கள் எழுதித் தருவது எங்கள் அவசரத்துக்கு எழுதுவது. அறுபது வயதுக் கண்ணுக்கு அது போதாது.

தினமும் காலையில் அம்மாவை எழுப்பிக் காபி போட்டுக் கொடுக்கிறேன். இது போதாதா?

நல்ல பழக்கம்தான். ஆனால் அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுபவரா என்று முதலில் பாருங்கள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் டிபனும். காபி அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் அப்படித்தான், அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மகன் பாசத்தோடு நீட்டும் டபராவை மறுக்க மனமில்லாமல் மாத்திரையையும் காபியையும் ஒன்றாக விழுங்கும் அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

எனவே எழுந்ததும் மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுங்கள். நீங்கள் குளித்துவிட்டு வந்து காபி போடுங்கள். உங்கள் காபியையும் அப்போதே குடித்தால் அம்மாவுக்கு இன்னும் சௌகரியம். வீடு முழுக்க டிகாக்‌ஷன் மணக்கும்போது ஒருவரை மட்டும் காத்திருக்கச் சொல்வது கொடுமை.

மனைவிக்கு உதவலாம் என்று சமையலறைக்குள் போனால் ‘முதலில் வெளியே போங்கள்’ என்கிறாள். பிறகு நான் என்ன செய்ய?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். எட்டு மணிக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டிய நேரத்தில் உள்ளே போய் ‘கடுகு எங்கே, பருப்பு எங்கே’ என்று நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? சமையலின் தலைப்பக்கத்தை விட்டுவிடுங்கள், வால்பக்கத்தைப் பிடியுங்கள். மாவு அரைத்து முடித்ததும் கிரைண்டர் கிடக்கும் கோலம் உங்களுக்குத் தெரியும். கல்லைத் தூக்கி, இடுக்கில் ஒட்டிய மாவை வழித்து, கழுவி, துடைத்துக் காயவைத்து, திரும்ப மாட்ட வேண்டும். மாவு அரைப்பதைவிட இது அலுப்பு பிடித்த வேலை, யாரும் போட்டிக்கும் வர மாட்டார்கள். சிலிண்டரும் அப்படியே. உள்ளே இருக்கும் காஸ் 14.2 கிலோ; இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. காலி சிலிண்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி, ரெகுலேட்டரில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, ரப்பர் குழாய் மாற்றி ஐந்து ஆண்டு ஆகிவிட்டதா என்பதையும் பார்த்துவிட்டு நகருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் மீண்டும் எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களின் வேலை பத்து நிமிடம் குறைந்தது, சரி. அதை ஆண்கள் ஏற்றுக்கொண்டதால் குறையவில்லை. அவர்களுடையதும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு ‘மனைவிக்கு உதவுகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும், அந்தக் கூச்சம் நல்லது.

எங்கள் வீட்டில் நான்தான் எல்லாம் செய்கிறேன். யாரும் கண்டுகொள்வதே இல்லை.

இதே வாக்கியத்தை ஒரே வீட்டிலிருந்து வரும் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டு, காலை உணவு தயாரிப்பது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் நூறைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், சண்டையைத் தொடங்கியதில் என் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கும் அதே கதைதான். பெருமைக்காக மட்டும் கூட்டிச் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக உங்கள் மனக்குறை பொய் என்று ஆகாது. மேலே சொன்ன நிமிடக் கணக்கைப் பார்த்தால் பல வீடுகளில் பாரம் உண்மையிலேயே ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது. எனவே பொதுவாகப் புலம்பாமல் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘வியாழக்கிழமை குப்பையும் தண்ணீர் கேனும் இனி உன் பொறுப்பு.’ பிறகு அவர் அதைச் செய்யும் விதத்தைத் திருத்தாதீர்கள். கேனை வைக்கும் இடம் ஒரு சாண் தள்ளிப் போனால் குடி முழுகிவிடாது.

அப்பா யாருடைய உதவியையும் ஏற்க மாட்டார். ‘நான் என்ன நொண்டியா?’ என்று எரிந்து விழுகிறார். என்ன வழி?

ஐம்பது வருடம் வீட்டை நடத்தியவருக்குத் தம்ளர் தண்ணீரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பதே அவமானமாகத் தோன்றலாம். அவருக்காகச் செய்வதைக் குறைத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து செய்யுங்கள். ஓய்வூதியருக்கான வாழ்நாள் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்குக் காலம் வேறு. ‘ஜீவன் பிரமாண்’ என்ற மின்னணுச் சான்றிதழ் 2014-இல் வந்தது, 2021 முதல் கைப்பேசிக் கேமராவில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். செயலிகளை முந்தைய நாளே ஏற்றி, ஆதார் எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் எடுத்து வையுங்கள். மறுநாள் கைப்பேசியை அவர் கையிலேயே கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும்போது அவர் எரிச்சலோடு சிமிட்டுவார். சான்றிதழ் எண் வந்ததும் ‘பார்த்தாயா, நானே முடித்துவிட்டேன்’ என்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

கழிவறையில் கைப்பிடி பொருத்துவது, இரவில் நடக்கும் வழியில் சின்ன விளக்குப் போடுவது, வழுக்கும் மிதியடியைத் தூக்கி எறிவது போன்றவற்றை ‘அப்பாவுக்காக’ என்று அறிவிக்க வேண்டாம். வீட்டு வேலை நடக்கும்போது அதுவும் நடந்ததாக இருக்கட்டும். முதியவர்கள் விழுவதைத் தடுக்க இந்த மூன்றும் பெரிய உதவி.

அப்பாவை ஃபோனில் ஏமாற்றப் பார்க்கிறார்கள். அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று தொடங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார், மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது என்பதை அமைதியான நேரத்தில், செய்தித்தாளில் வந்த ஏதாவதொரு சம்பவத்தை வைத்துப் பேசுங்கள். காவல்துறை வீடியோ அழைப்பில் வந்து பணம் கேட்காது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே அந்த எண்ணுக்குச் சொல்வதுதான் முதல் வேலை. திட்டுவதை ஒரு வாரம் தள்ளி வையுங்கள், பிறகு மறந்துவிடுங்கள்.

மாமியாருக்கு நான் எது செய்தாலும் குற்றம். எதற்காகச் செய்ய வேண்டும்?

செய்யத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குத்தலான பேச்சை வாங்கிக்கொண்டே சேவை செய்வதை யாரும் உங்களிடம் எதிர்பார்க்கக் கூடாது. அவருடைய மாத்திரை, மருத்துவமனை, வங்கி மூன்றும் முதலில் அவர் பிள்ளைகளின் பொறுப்பு. கணவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் கடையில் அம்மாவின் மருந்துப் பெயர்கூடத் தெரியாமல் மனைவிக்கு ஃபோன் போட்டுக் கேட்கும் மகன்களைப் பார்க்கும்போது எனக்கே கோபம் வருகிறது.

அப்படியும் நீங்களாக ஏதாவது செய்ய நினைத்தால், அவருடைய ராஜ்யத்தில் கை வைக்காத ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். அவர் வைக்கும் குழம்பைத் திருத்தி வைப்பது வம்பு. அவருடைய சுருக்குப்பையின் அறுந்த நாடாவை மாற்றுவதில் யாரும் குற்றம் காண முடியாது. சிலர் அத்தையிடம் சமையல் குறிப்பு கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறார்கள். வாங்கிக்கொள்வதும் ஒரு வகையில் கொடுப்பதுதான், குறிப்பாகக் கொடுத்தே பழகியவர்களிடம்.

பாட்டிக்குக் காது சரியாகக் கேட்காது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போகிறது.

கத்தாதே. வயதால் காது மந்தமாகும்போது முதலில் போவது மெல்லிய, உச்சஸ்தாயி ஒலிகள்தான். கத்தினால் குரல் இன்னும் மேலே ஏறுகிறது, வார்த்தை தெளிவதில்லை, பாட்டிக்கு நீ கோபப்படுகிறாய் என்று மட்டும் தெரிகிறது. டிவியை நிறுத்து. எதிரே உட்கார்ந்து, வாய் தெரியும்படி, கொஞ்சம் தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசு. புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தைகளில் சொல். எல்லோரும் சிரிக்கும்போது எதற்குச் சிரித்தார்கள் என்று பாட்டியிடம் ஒரு வரியில் சொல்லிவிடு. ‘ஒன்றுமில்லை பாட்டி, விடு’ என்பது மட்டும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் காது பரிசோதனைக்கும் அப்பாவை அழைத்துப் போகச் சொல். சில சமயம் வெறும் குறும்பி அடைத்துக்கொண்டிருக்கும்.

நான் வெளியூரில் இருக்கிறேன். பணம் அனுப்புவதைத் தவிர என்ன செய்ய முடியும்?

ஃபோனை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ரயில் டிக்கெட்டைச் சொல்கிறேன், இதில் பலர் தவறுகிறார்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் தனியாகவோ, தகுதியுள்ள இருவர் மட்டுமாகவோ பதிவு செய்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும். அம்மா, அப்பா, நீங்கள், குழந்தைகள் என்று எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் கணினி அவர்களை அந்தக் கணக்கில் எடுக்காது. பெற்றோர் இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள். முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. முழங்கால் வலிக்கு மேல் படுக்கை கிடைக்காமல் பார்த்துக்கொள்வதாவது நம் கையில் இருக்கிறது.

ஃபோன் பேச்சிலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். ‘சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா’ என்பது விசாரணை மாதிரி ஆகிவிட்டது. பதிலும் ‘ஆயிற்று, ஆயிற்று’ என்று முடிந்துவிடும். போன முறை அவர் சொன்ன ஏதாவதொன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர் வீட்டுக் கல்யாணம் என்ன ஆயிற்று, கறிவேப்பிலைக் கன்று பிழைத்ததா என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும்.

ஒன்று மட்டும் கூடாது. தொலைவில் இருந்துகொண்டு, பக்கத்தில் இருந்து பார்க்கும் அண்ணிக்கோ தங்கைக்கோ யோசனை சொல்லாதீர்கள். இதைக் கடைசிக் கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகளை இதற்கு எப்படிப் பழக்குவது? வேலை செய்தால் காசு கொடுக்கலாமா?

தாத்தாவுக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தால் ஐந்து ரூபாய் என்று பழக்கினால், ஒரு நாள் பத்து ரூபாய் கேட்பார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. கார் கழுவுவது, பழைய பேப்பரைக் கட்டிக் கடைக்குப் போடுவது போன்றவற்றுக்குக் கூலி கொடுங்கள். மனிதர்களுக்குச் செய்வதற்கு வேண்டாம். அவர்களுக்கென்று ஓர் ஆளையும் ஒரு வேலையையும் ஒப்படைத்துவிட்டால் போதும். எனக்குத் தெரிந்த வீட்டில் ஆறாம் வகுப்புப் பையன்தான் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறான். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லி, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்துத்தான் பட்டையைச் சுற்றுவான். காபி குடித்து அரை மணி ஆகவில்லை என்றால் தாத்தாவைத் திருப்பி அனுப்பிவிடுவான். சில கிளினிக்குகளில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை.

தம்பி மாதா மாதம் கடன் கேட்கிறான். இல்லை என்றால் ‘அண்ணனா நீ?’ என்கிறான். கொடுப்பதுதானே அன்பு?

முதல் கேள்வியில் சொன்ன அளவுகோலைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுப்பதால் அவன் கவலை தீர்கிறதா, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகிறதா? தள்ளிப் போகிறதென்றால் பணத்தை நிறுத்திவிட்டு வேறு விதமாக நில்லுங்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளியில் கட்டுங்கள், அவனோடு வங்கிக்குப் போய்க் கடன் தவணையை மாற்றியமைக்க முடியுமா என்று கேளுங்கள். ‘அண்ணனா நீ’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பாகப் பிரிவினைக்குப் பிறகு அக்காவுடன் பேச்சே இல்லை. நானாகப் போய் ஏதாவது செய்தால் சொத்துக்காகக் குழைகிறேன் என்று நினைக்க மாட்டாளா?

நினைக்கலாம். அதனால்தான் பெரிதாக எதுவும் வேண்டாம் என்கிறேன். தட்டு நிறையப் பழமும் புடவையும் எடுத்துக்கொண்டு போனால் எதையோ கேட்க வந்தது போலத்தான் இருக்கும். அவள் பிள்ளைக்குத் தேர்வு முடிவு வந்தால் ஒரு வாழ்த்து, அம்மாவின் திவசத்துக்கு என்ன தேதி என்று ஒரு செய்தி, பழைய பெட்டியில் கிடைத்த அவளுடைய பள்ளிப் படம் ஒன்று. பதில் வராவிட்டாலும் குறை சொல்லாத அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் வேண்டாம், அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு மறதி நோய். ‘அப்பா எப்போது வருவார்?’ என்று தினமும் கேட்கிறார். அப்பா இறந்து பல வருடமாயிற்று. உண்மையைச் சொல்வதா, பொய் சொல்வதா?

இந்தக் கேள்விக்கு எனக்குத் தயக்கமே இல்லை. ஒவ்வொரு முறையும் ‘அப்பா இறந்துவிட்டார்’ என்று சொன்னால், அம்மா அந்தச் செய்தியை ஒவ்வொரு முறையும் முதல் தடவையாகக் கேட்கிறார். அழுதது மறந்து போகும், வேதனை மட்டும் அன்று முழுக்க முகத்தில் நிற்கும். ‘அப்பா ஞாபகம் வந்துவிட்டதா? அவருக்கு வற்றல் குழம்பு என்றால் உயிராயிற்றே’ என்று அவரைப் பற்றியே பேசத் தொடங்குங்கள். இதில் பொய் எதுவும் இல்லை, கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஏக்கத்துக்குப் பதிலும் கிடைத்துவிடுகிறது. ‘இப்போதுதானே சொன்னேன்?’ என்பதை மட்டும் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள்களை இடம் மாற்றாதீர்கள். கழிவறைக் கதவில் படம் ஒட்டுங்கள், சட்டைப் பையிலோ வளையலிலோ உங்கள் ஃபோன் எண் இருக்கட்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. எங்கே போய்க் கேட்பது என்று தெரியாதபோது அங்கே கேட்கலாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை. தீபாவளிக்கு ஒரே ஓர் அதிரசம் கேட்கிறார். கொடுப்பது அன்பா, மறுப்பது அன்பா?

பண்டிகைக்குப் பண்டிகை கடையில் நடக்கும் விவாதம் இது. சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்து, மருத்துவரும் அடியோடு கூடாது என்று சொல்லவில்லை என்றால், ஒரு சிறு துண்டைச் சாப்பாட்டோடு சேர்த்து, எல்லோர் முன்னாலும், தட்டில் வைத்துக் கொடுங்கள். அன்று சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். ‘அதிரசம் சாப்பிட்டேன், அதனால் மாத்திரையைக் கூட்டிப் போட்டேன்’ என்ற சொந்த வைத்தியமும் வேண்டாம். முற்றிலும் மறுத்த வீடுகளில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்: அப்பா நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் டீக்கடையில் சாப்பிடுகிறார், கணக்கில்லாமல்.

சர்க்கரை ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். குறைந்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் அனைவருக்கும் சொல்லி வையுங்கள். வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அவர் வெளியே போகும்போது சட்டைப் பையில் நான்கு மிட்டாய் போட்டு அனுப்புங்கள். மிட்டாய்க்கு அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் அதிரச வழக்கு சுலபமாகத் தீர்ந்துவிடும்.

மாமனாரை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் நான் செய்கிறேன், எனக்கு யார் செய்வார்கள்?

கேட்டது எங்கள் கடைக்கு வாரம் ஒருமுறை பெரியவர்களுக்கான டயப்பர் வாங்க வரும் ஒருவர். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் குடும்பத்தில் படுக்கையில் இருப்பவர் ஒருவர் என்றால், அவர் அருகில் உட்கார்ந்தே இருப்பவர் இன்னொருவர். பார்க்க வருபவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் நோயாளிக்கு வாங்கி வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு யோசனை மட்டும் கிடைக்கிறது: ‘இந்த டாக்டர் சரியில்லை, அங்கே காட்டியிருக்கலாமே.’

அடுத்த முறை போகும்போது பழத்தை விட்டுவிடுங்கள். முன்கூட்டியே ஃபோன் செய்து, ‘ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து இரண்டு வரை நான் இருக்கிறேன், நீ வெளியே போய்விட்டு வா’ என்று சொல்லுங்கள். போய் மருந்து நேரம், கஞ்சியின் அளவு, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று அவர் இருக்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று கேட்க வேண்டாம். கடைத்தெருவுக்குப் போகாமல் அக்கா வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டு வந்தாலும் சரிதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதே நான்கு மணி நேரத்துக்கு ஓர் உதவியாளரை ஏற்பாடு செய்து, சம்பளத்தை நேரே அவருக்கே அனுப்பலாம்.

கேட்ட அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: உங்கள் நாத்தனாருக்கு ஃபோன் செய்து, தேதியும் நேரமும் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘முடிந்தால் வாருங்கள்’ என்று சொல்லாதீர்கள், அதற்கு யாரும் வர மாட்டார்கள்.